பூத்திருடன் என்று பெயர் வாங்கியவனுக்கு

வீட்டு ஓனரின் நந்தியாவட்டைத் தொட்டிக்கு அடியில் இன்று காலை மிளகு சிந்தியதுபோல் புழுக்கை கிடந்தது. இரண்டு கிளைகளில் இலையே இல்லை. காம்பை ஒட்டி, விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு. தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள். அவை கண்களல்ல, குருவிகளை மிரட்டும் புள்ளிகள் என்று எனக்குச் சொன்னவன் நீ.

ஓசூரில் கம்பெனி குவார்ட்டர்ஸில் நாம் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்த எண்பதுகள் அவை. செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும்போது, டைம் ஆபீஸ் சுவரில் டியூப்லைட்டுக்குக் கீழே பச்சையும் இளஞ்சிவப்புமாக, இந்தப் புழு வளர்ந்து ஆகிற பெரிய அந்துப்பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது.

“பட்டாளத்துக்காரன் சட்டையாட்டம் இருக்குது பாருய்யா,” என்றாய்.

“யார் வீட்டு நந்தியாவட்டையைத் தின்னு தைச்ச சட்டையோ.”

“உன் வீட்டுதுதான். என் செடியில என்ன இருக்குது திங்க?”

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. சுதந்திர தினத்துக்குக் குவார்ட்டர்ஸில் தோட்டப் போட்டி நடக்கும்; மேனேஜர் மனைவி வீடு வீடாக வந்து நந்தியாவட்டை வேலியைப் பார்த்துக் கோப்பை தருவார். பிரமோஷனில் என்னை ஒதுக்கியவர்கள் அதையாவது தரட்டும் என்று இருந்தேன். புழு கண்ணில் பட்டால் மருந்துதான் என்று உன்னிடமே சொல்லி, ஸ்ப்ரேயரையும் இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

போட்டி நெருங்கிய ஒரு விடியலில் கதவைத் திறந்தேன். நீ என் வேலியருகே குனிந்து, கையில் துணிப்பையோடு, இலைகளை இரு விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். சாமிக்கென்று பக்கத்து வீட்டுப் பூவை விடிவதற்குள் கிள்ளிப் போவது குவார்ட்டர்ஸில் வழக்கம்.

“ஏன்யா, கேட்டுட்டுப் பறிக்கக் கூடாதா?” தெருவே கேட்கும்படி கேட்டேன்.

பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாய். “நாலு பூதான்யா. கோச்சுக்காதே.”

நீ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். உன் வீட்டில் பூ வைக்க ஒரு சாமி மாடம்கூடக் கிடையாது. பட்டப்படிப்பு முடித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

போட்டியன்று என் வேலியில் ஓர் இலைகூடக் கடிபடவில்லை. உன் வேலி வெறும் குச்சியாக நின்றது. கோப்பையோடு கேன்டீனுக்கு வந்து உன்னைப் பூத்திருடன் என்றேன். பெயர் ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் கூப்பிட்டாலும் “வந்துட்டேன்” என்று கையைத் தூக்குவாய். அதையும் நான் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

உன் சொந்த ஊர் கல்லாவியில், உன் சாவு வீட்டில்கூட அதை விடவில்லை. “என் வேலியில பூத் திருடுவாரும்மா,” என்றேன் உன் மனைவியிடம். “பூவெல்லாம் எங்க வீட்டுக்கு வந்ததே இல்லீங்களே சார்,” என்றார். கணவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன்.

இன்று, பூச்சி இருந்தால் மருந்தடிக்க வேண்டும் என்று ஓனர் வீட்டம்மா நேற்றே சொன்னது நினைவுக்கு வர, அதற்குள் புழுவை எடுத்துவிடலாம் என்று ஒரு துணிப்பையோடு குனிந்தேன். இரு விரலால் இலையைத் தூக்கினேன். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் குனிதலை நான் ஒரு முறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

புழு என்று நீ சொல்லியிருந்தால் நான் ஸ்ப்ரேயரை எடுத்திருப்பேன். அதனால் பூ என்றாய். உன் வேலியை அவற்றுக்குத் தின்னக் கொடுத்தாய். அந்தக் கோப்பையை இத்தனை வருடமாக வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். இந்தக் கம்பெனி எனக்குச் செய்த ஒரே நியாயம் என்று சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

புழுவைக் காம்போடு கிள்ளிப் பையில் விட்டேன். பின்னால் படியில் சத்தம். “என்ன சார், சாமிக்குப் பூவா? கேட்டா நானே தருவேனே,” என்றார் ஓனர் வீட்டம்மா.

என் கை தானாகப் பின்னால் போனது. “நாலு பூதாம்மா. கோச்சுக்காதீங்க.”

எனக்கென்று ஒரு வேலி இப்போது இல்லை. ஓசூரிலிருந்து ஜூஜுவாடி போகும் வழியில், பூட்டிக்கிடக்கும் ஒரு ஷெட்டின் முன்னால் நந்தியாவட்டை ஒன்று இருக்கிறது. லாரிகள் போகிற சாலையோரமாகப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தேன். துணிக்குள் அது என் உள்ளங்கையில் மெல்ல ஊர்ந்துகொண்டே வந்தது.