இறந்துபோன மகளின் பெயரில் நாங்கள் அனுப்பிய பெண்

அனுப்புநர்:
மு. பச்சைமுத்து (வயது 74),
மகன் முத்துக்கருப்பன் வீடு,
ஜனக்புரி, புது தில்லி.
சொந்த ஊர்: புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
திரு. சங்கரநாராயணன் அவர்கள்,
விசாரணை அதிகாரி,
ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவு,
புது தில்லி.

பொருள்: சிறையில் உள்ள இலங்கை அகதி யோகமலர் மீது நான் கொடுத்த பொய் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். எட்டு மாதமாக இங்கே மாதா கோயில் கூடத்தில் ஹெலன் டீச்சரின் மாலை வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்கிறேன். இதை எழுத ஒன்பது நாள் ஆனது. தமிழ் பேசுவேன், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்று வாக்குமூலம் வாங்கிய அன்று தாங்கள் சொன்னீர்கள். அதனால் எழுத்துகளைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். 'ஞ' எனக்கு அழகாக வரும். இந்த மனுவில் அதற்கு அதிக வேலை இல்லை.

1. என் மகள் வீராயி ஆறு ஆண்டுகளுக்கு முன் பாம்பு கடித்து இறந்தாள். குடும்ப அட்டையிலிருந்து அவள் பெயரை நாங்கள் நீக்கவில்லை. பெயர் இருந்தால் அவள் பங்கு அரிசி வரும். எங்கள் ஊரில் பல வீடுகளில் அப்படித்தான். அந்த அரிசியைத் தின்றோம்.

2. என் மகன் தில்லியில் டிராவல்ஸ் வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு கார்த்திகையில் யோகமலரை அகதி முகாமிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தான். அவள் கணவர் பிரான்சில் இருக்கிறார். அவள் பெயரில் பாஸ்போர்ட் எடுக்க வழியில்லை. "பேரு சும்மாதானப்பா கெடக்கு, ஒரு உசுரு பொழச்சுப் போகட்டும்" என்றான். அவளுக்கு முன்பும் மூன்று பேரை வேறு வீடுகளில் இறந்தவர்களின் பெயரில் அவன் வெளிநாட்டுக்கு அனுப்பியது எனக்குத் தெரியும். இவள்தான் என் மகள் வீராயி என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் ரேகை வைத்தேன்.

3. நாற்பது நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். என் மனைவி செங்கம்மாள் அவளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சைப் பழக்கினாள். பங்காளிகளின் பெயர், குலசாமி, எந்த ஆடு முட்டும் என்பது வரை யோகமலர் மனப்பாடம் செய்தாள். என்னை அப்பா என்று கூப்பிடவும் பழக்கினோம். பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்த காவலரிடம் இவள் என் மகள் என்றேன். அவர் போன பிறகும் அவள் அப்பா என்றே கூப்பிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

4. தை மாதம் தில்லி விமான நிலையத்தில் பிடிபட்டாள். மகன் என்னை இங்கே அழைத்து வந்து, அவன் எழுதிய வாக்குமூலத்தில் தங்கள் முன்னிலையில் ரேகை வைக்கச் செய்தான். அப்பா வந்திருக்கிறாரா என்று அவள் பக்கத்து அறையிலிருந்து கேட்டதாகத் தாங்கள் சொன்னீர்கள். நான் விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

5. போன மாதம் மகனின் மேசையில் அந்த வாக்குமூலத்தின் நகலைப் பார்த்தேன். யார் துணையும் இல்லாமல் நான் முழுதாகப் படித்த முதல் காகிதம் அதுதான். ஒவ்வொரு சொல்லும் கூடி வரும்போது சந்தோஷமாக இருந்தது. 'அட்டையைத் திருடி' என்று வந்தபோதும், சரியாகப் படித்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். மகன் வாசித்துக் காட்டியபோது அந்த வரி இல்லை. ஆனால் பழி அவள் மேல் போகிறது என்பது அன்றே எனக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாததை நான் காரணமாகச் சொல்லக் கூடாது.

6. அவள் எதையும் திருடவில்லை. அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தவன் நான். வரும் 18ஆம் தேதி தீர்ப்பு என்று அறிகிறேன். அவளுடைய ஆறு வயது மகள் முகாமில் அயலார் வீட்டில் இருக்கிறாள். ஆகவே தாங்கள் அதற்கு முன் இந்த மனுவை நீதிமன்றத்தில் சேர்த்து, பழைய வாக்குமூலத்தை நீக்கி, யோகமலரை மகளிடம் அனுப்ப ஆவன செய்யும்படி வேண்டுகிறேன். என் மீதும் என் மகன் மீதும் வழக்குப் பதியவும்.

மகன் அடிக்கடி வெளியூர் போகிறவன். வரும் ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் காது குத்து என்பதால் வீட்டில் இருப்பான். மூன்று மணிக்கு மேல் வந்தால் குழந்தை தூங்கியிருக்கும். கதவை நானே திறக்கிறேன்.

தங்கள் முடிவுக்குக் கட்டுப்பட்ட,
மு. பச்சைமுத்து

இடம்: புது தில்லி
நாள்: 7.11.2024