மாண்டரின் மீனின் வயிறு

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. ஜன்னல்கள் அடித்துக்கொண்டே இருந்தன. என் கணவருடைய காரியம் முடிந்தது. பந்தலைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

ஹாலுக்கு வந்தால் மீன்தொட்டி காலி. சாவு வீட்டில் நின்ற தண்ணீர் ஆகாது என்று குடம், டிரம்மோடு அதையும் கொட்டியாகிவிட்டது. கற்களைக் குழாயடியில் தேய்த்துக் கழுவியிருக்கிறார் வெள்ளகோவில் அத்தை.

“உப்புத் தண்ணீல கெடந்துச்சு, பாவம். நல்ல சிறுவாணித் தண்ணி ஊத்தி உடலாம்னு பாத்தேன் அம்மணி.”

நல்லவேளை, வேலைக்கு வரும் தங்கமணி அந்தக் கடல்மீனைப் பழைய தண்ணீரோடு பக்கெட்டில் பிடித்து வைத்திருந்தாள். மாடியில் அவர் கடைசியாகக் கலந்துவைத்த உப்புநீர் இருந்தது. ஊற்றினேன்.

ஜூலை 22, செவ்வாய்

மீன் கடைக்குப் போன்.

“மாண்டரினுங்களா? கல்லுல ஊர்ற பொடிப்பூச்சியத்தான் திங்கும். கழுவிப்போட்டீங்கன்னா பட்டினிதானுங்க மேடம். சார் மட்டும் சிரிஞ்சுல இறால் குஞ்சு உட்டுப் பழக்கி வெச்சிருந்தாருங்க.”

அந்த இறால் குஞ்சு பொரிக்கும் முட்டை கடையில் இல்லை. உறைந்த இறால் போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு உள்ளே ஒட்டிவிட்டது.

என்னைத் தவிர இந்த வீட்டில் உயிருள்ளது அது ஒன்றுதான்.

ஜூலை 25, வெள்ளி

கேஸ் புக் செய்தேன். வங்கிக்குப் போகவில்லை.

மீனின் வயிறு உருண்டிருக்கிறது. நோயோ என்று பார்த்தேன். இல்லை. நன்றாக மேய்கிறது.

தொட்டி மூடியின் இடப்பக்கம் அவருடைய சிரிஞ்சு. நுனி ஈரம். அவருக்கு இடக்கைப் பழக்கம்.

“நானா போட்டேன்? அது பாக்கறதே பயமுங்கக்கா. உங்க பொறத்தால ஆரோ நிக்கறாப்புல பாக்குதுங்க” என்றாள் தங்கமணி.

கல்லில் பூச்சி கொஞ்சம் தப்பியிருக்கும். சிரிஞ்சை நானே மறதியாக வைத்திருப்பேன்.

ஜூலை 26, சனி

சிரிஞ்சைத் துடைத்து, அவர் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கைப்பையில். சோதனை என்றால் சோதனை.

ஜூலை 29, செவ்வாய்

வயிறு மறுபடி ஒட்டிவிட்டது. பக்கவாட்டில் எலும்பு தெரிகிறது. ஆக, கல்லில் பூச்சி இல்லை.

இழுப்பறையின் கைப்பிடியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. ஈரக்கையால் பலமுறை இழுத்துப் பார்த்ததுபோல். நக்கிப் பார்த்தேன். உப்புதான்.

தங்கமணியை நாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பூட்டைத் திறந்து சிரிஞ்சை மூடிமேல் வைத்தேன். இடப்பக்கமாக.