தெருவின் நற்பெயர்

குடியாத்தம்
21.1.2025

அன்புள்ள யோகா அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மைக் என் கையில் இருந்தபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "இதே ஷூ கம்பெனிக்கு என் அக்கா போனபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன்.

இங்கே அப்பா, அம்மா நலம். பூனாவில் குளிர் ஜாஸ்தி என்று மாமா சொன்னாராம். உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் நீ பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆம்பூர் கம்பெனியில் என்னைச் செக்கிங் லைனுக்கு சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள். அதற்காக நம் தெரு நெசவாளர் சங்கத்துப் பொங்கல் விழாவில் சால்வை போட்டார்கள். நம் தெருப் பெண்கள் இப்போது பதினெட்டுப் பேர் போகிறோம். கம்பெனி பஸ் சங்க வாசலிலேயே வந்து நிற்கிறது. ராஜகோபால் பெரியப்பாவின் மருமகள் முதல் சீட்டில் உட்கார்ந்து வருகிறாள்.

அவர்தான் இன்னும் சங்கத் தலைவர். "பொம்பளைங்க வேலைக்குப் போறத நம்ம தெரு என்னைக்குமே தடுத்தது இல்ல" என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். பஸ் தெருவுக்குள் வரக்கூடாது என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பொய்யைக் கேட்கிற முகமாக ஒன்றுகூட இல்லை. நிஜமாகவே மறந்துவிட்டார்களா, மறந்த மாதிரி இருக்க எல்லோருமாகப் பழகிக்கொண்டார்களா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நாங்க நினைச்சது தப்பு" என்று யாராவது, என்றைக்காவது சொன்னார்களா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. முதலில் அது தோல் தொடுகிற வேலை. தறிகள் நின்றுபோன வருடம், பாவம் கஷ்டத்துக்குப் போகிறார்கள் என்றார்கள். பிறகு பி.எஃப். உண்டா என்று மெல்ல விசாரித்தார்கள். இப்போது பெண் பார்க்க வருகிறவர்கள் எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள். உன் நிச்சயத்தை நிறுத்தினார்களே, அந்த மூர்த்தி வீட்டிலிருந்து அவன் தம்பிக்கு என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் பார்த்தேன்.

விழா முடிந்ததும் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஜெயம்மாள் அக்கா தன் மாடியை மூன்று ஒடிசாப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். மூவரும் என் லைனில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் மினதி என்பவள் என்னிடம் தமிழ் கற்றுக்கொள்கிறாள். ஜெயம்மாள் அக்கா வாசலில் இப்போது அவள்தான் கோலம் போடுகிறாள்.

"இன்னா நித்யா, ஜெயம்மா மாடிய காலி பண்ணச் சொல்லி ஒரு மனு எழுதணுமே. அந்த ஹிந்திக்காரப் பொண்ணுங்க கண்ட நேரத்துல போன் பேசுதுங்க, சிரிக்குதுங்க. நம்ம வீட்லயும் பொண்ணுங்க இருக்குது. நீ எழுதினாதான் படிக்கிற மாதிரி இருக்கும். போன தடவகூட நீதானே எழுதின?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நினைவு வந்து சொன்னாரா, எனக்கு நினைவுபடுத்தச் சொன்னாரா? மேடையில் நடக்கவே நடக்காத ஒன்று, கீழே வந்ததும் நடந்ததாகிவிட்டது. பார்க்கலாம் பெரியப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆமாம் அக்கா. அந்த மனுவை எழுதியது நான்தான்.

அப்போது எட்டாம் வகுப்பு. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பெரியப்பா கூப்பிட்டு உட்காரவைத்தார். "தோல் நாத்தம் நம்ம தெருவுக்கு வேணாம்னு எழுது" என்றார். மனுவில் நாத்தம் என்றெல்லாம் எழுதக்கூடாது என்று நானே சொல்லி, "தெருவின் நற்பெயர் கருதி" என்று போட்டேன். படித்துப் பார்த்து, இதுதான் மரியாதையாக இருக்கிறது என்று முதுகில் தட்டினார். கட்டுரைப் போட்டியில் ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு. நாத்தம் என்று இருந்திருந்தால் கூச்சப்பட்டுச் சிலராவது கையெழுத்துப் போடாமல் இருந்திருப்பார்கள். நற்பெயருக்கு யார் கூச்சப்படுவார்கள்? அப்பா ஒருவர்தான் போடவில்லை.

பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. நீ விடிவதற்கு முன் தனியாக நடந்தாய். மூர்த்தி வீட்டார் அந்த மனுவைத்தான் காரணமாகச் சொன்னார்கள். நீ ஊரை விட்டுப் போன அன்று, நல்லா எழுது என்று உன் பேனாவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாய்.

மற்றவர்களைச் சந்தேகப்படுவது சுலபமாக இருக்கிறது. இப்போது எனக்கு என்மேலேயே சந்தேகம். நீ வேலைக்குப் போனது சரி என்று நான் நினைக்க ஆரம்பித்தது எப்போது? நானாக யோசித்தா, இல்லை, பஸ் மறுபடி தெருவுக்குள் வந்த பிறகா? தேதி நினைவில்லை.

அப்போ நீ சின்னப் பொண்ணு, விடு என்று மட்டும் சொல்லிவிடாதே அக்கா. எனக்கு அது வேண்டாம். கோபமாகவே நாலு வரி எழுதிப் போடு. இல்லாவிட்டால் ஒரு முறை வா. வந்து இந்தத் தெருவில் என்னோடு ஒரு நாள் நட.

உன் தங்கை,
நித்யஸ்ரீ

3.2.2025

இதைத் தபாலில் போடாமல் இரண்டு வாரம் வைத்திருந்தேன். மனு எழுத முடியாது என்று பெரியப்பாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். கண் வலி என்றேன். மறுநாள் சொட்டு மருந்து வாங்கி அனுப்பினார். மனுவைப் பஜாரில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் அடித்து வாங்கி வந்தார்கள். பழைய மனுவைப் பார்த்துத்தான் அடித்திருக்க வேண்டும். "தெருவின் நற்பெயர் கருதி" என்பது அப்படியே இருந்தது. நாற்பத்தேழு கையெழுத்து. இந்த முறை அப்பாவும் போட்டார். நேற்று மினதியும் மற்ற இருவரும் பெட்டிகளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மாதனூர்ப் பக்கம் போய்விட்டார்கள். இன்று காலை பஸ் சங்க வாசலில் வந்து நின்றது. நாங்கள் பதினெட்டுப் பேரும் ஏறினோம்.