பாரத்தில் எழுதிய கை

அன்பு மகள் லோஷினிக்கு,

அம்மா எழுதுவது. டப்ளின் குளிரில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே மாசாயில் நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அது பொய்யாகிவிடும், காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். இதற்குள் மூன்று தடவை எழுந்துபோய் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்ததா என்று பார்த்துவிட்டேன்.

பக்கவாதத்தில் அப்பாவின் இடது கை விழுந்து எட்டு மாதம் ஆகிறது. ஜொகூர் பாருவில் ஓர் ஆராய்ச்சியில் சேர்த்திருக்கிறோம் என்று சொன்னேன் அல்லவா. தலையை அறுப்பதெல்லாம் இல்லை, வெளியிலிருந்தே காந்தக் கருவியை வைத்து மூளையைத் தூண்டிவிட்டு உடனே கைக்குப் பயிற்சி கொடுப்பார்கள். ஸ்கேன் எடுத்து, எங்கே வைத்தால் விரல் துள்ளுகிறது என்று தேடி, ஒவ்வொருவர் தலைக்கும் தனிக் கணக்காம். அந்தக் கணக்குக்காகப் போன வாரம் பயிற்சி கொடுக்கும் சுகந்தினி தந்த விண்ணப்பப் பாரத்தில் பழக்கமான கை எது என்று கேட்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை, வலது என்று எழுதிவிட்டேன். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அவருக்கு வார்த்தை வர நேரமாகும் என்று உனக்குத் தெரியுமே, சும்மா இருங்க, நான் பாத்துக்கிறேன் என்று அடக்கிவிட்டேன். என் வாய்க்கு அப்படி என்ன அவசரமோ.

நேற்று வீரமுத்து அங்கிள் பெக்கான் நானாஸ் ஊர் அன்னாசியோடு அப்பாவைப் பார்க்க வந்தார், அவர்கள் இரண்டு பேரும் பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் ஒன்றாக வெல்டிங் வேலை பார்த்தவர்கள். எல்லாரிடமும் சொல்வதுபோல அவரிடமும், நல்ல வேளை எடக்கைதான் போச்சு, சாப்புடுற கை தப்பிச்சிருச்சு என்றேன். அலமாக், என்ன அண்ணி இப்படிச் சொல்றீங்க, அண்ணன் இருபத்தஞ்சு வருசம் வெல்டிங் அடிச்சதே எடக்கையாலதானே லா என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை லோஷினி! வீட்டில் ஆணி அடிக்கச் சொன்னால்கூட, நீ உள்ள போ, தூசி விழும் என்பாரே, அதெல்லாம் இதற்குத்தானா? அங்கிள் போனபிறகு கேட்டேன். செடெனாக் தோட்டப் பள்ளியில் வாத்தியார் அந்தக் கையை பெஞ்சோடு சேர்த்துக் கட்டினாராம், பிள்ளைகள் பீச்சாங்கையன் என்று கூப்பிட்டார்களாம். இந்த நாலு வார்த்தை சொல்வதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நீ இடது கையால் பென்சில் பிடித்தாய் என்று நான் ரோத்தான் பிரம்பை எடுத்து அடித்தபோது பிடுங்கி உடைத்துப் போட்டாரே, அன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டு மாதமாக வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், எடக்கைதானே, எடக்கைதானே என்று நான் சொன்னதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை சிகிச்சை ஆரம்பம். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், சொல்லப்போய் அவருக்குக் கிடைத்த இடம் பறிபோனால்? மனசு கேட்கவில்லை, காலையில் முதல் வேலையாக சுகந்தினிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, கணக்கை மறுபடி பார்க்கணும் ஆண்ட்டி, வச்சிருப்பாங்களா இல்லையான்னு டாக்டர்தான் சொல்லணும் என்றாள். இன்னும் கூப்பிடவில்லை. துணி காயப்போட்டேன், எடுத்தேன், மறுபடி காயப்போட்டேன், மழையும் வரவில்லை ஒன்றும் வரவில்லை.

விளக்கேற்றிவிட்டு அப்பாவுக்கு விபூதி கொடுக்கப் போனேன். வலது கையை நீட்டினார். இது வேணாம், அந்தக் கையக் குடுங்க என்றேன். மடியிலிருந்து அந்தக் கையை ஒரு சாண் தூக்கினார். அதிலேயே வைத்தேன். சாமி குற்றம் வந்தால் என்மேல் வரட்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் பதிலைத் தாளில் உன் இடது கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. அப்பாவிடம் காட்ட வேண்டும்.

உன்னை அடித்த கையால் இதை எழுதும்,
அம்மா