வாத்துக் காந்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் முட்டிவலி தேவலையா? உன்னிடம் விட்டு வந்த என் பெண், அந்த வாலு, அழாமல் பள்ளிக்குப் போகிறாளா? நான் இங்கே தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆய்வகத்தில் நான் செய்த மெல்லிய காந்தப் படலம் வேலை செய்கிறது அக்கா!

எதற்கு இந்த ஆட்டம் என்பாய். எலக்ட்ரான் ஒவ்வொன்றையும் குட்டிப் பம்பரம் என்று வைத்துக்கொள். சாதாரண உலோகத்தில் பாதி இப்படிச் சுற்றும், பாதி அப்படி. எங்கள் காந்தப் படலத்தில் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே பக்கம். இதை வைத்து மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம் செய்யலாம். ஆனால் கடுங்குளிரில்தான் இந்த ஒழுங்கெல்லாம். அறைச் சூட்டுக்கு வந்தால் காந்தம் செத்துவிடும். அந்தச் சூட்டிலும் அது சாகாமல் இருந்தால் எனக்கு நிரந்தர வேலை, வாலுவை அழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போன வாரமே அறைச் சூட்டிலும் காந்தம் சாகாமல் இருந்தது. பேராசிரியர் கேக் வாங்கி வந்தார். நான் ஆய்வகக் கோட்டைக் கழற்றும்போது அதன் பையிலிருந்து, படலத்தை எடுக்கும் இரும்பு இடுக்கி விழுந்தது. மேசையில் கிடந்த குண்டூசி ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொண்டது. வாலு கொடுத்தனுப்பிய வாத்துப் பொம்மைக் காந்தத்தை ராசி என்று அதே பையில்தான் வைத்திருந்தேன். இடுக்கியும் காந்தமாகி, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூளைப் பொறுக்கிப் படலத்தில் அப்பியிருந்தால்? நாங்கள் அளந்தது அந்தத் தூளின் காந்தத்தைத்தானா, கேக் வெட்டியது வெறும் தூளுக்கா?

“யாருக்குத் தெரியப்போகுது, விடு” என்றான் பக்கத்து மேசைக்காரன். எனக்கு மனசு கேட்கவில்லை. வாயில் கேக்கோடு போய்ச் சொல்லிவிட்டேன். பேராசிரியர் முகம் சுண்டிப்போயிற்று. புதுப் படலம் செய்து, பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து, வாத்தை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு அளந்தேன். காந்தம் கொஞ்சம் குறைவு. ஆனால் இருந்தது அக்கா! திரும்பத் திரும்ப அளந்தும் அசையவில்லை. “பொழைச்சோம்மா” என்று அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நேற்று வேலையை உறுதி செய்தார்கள்.

இனி எழுதத்தான் கை வரவில்லை. ஜெயிச்சா வாலுவை அனுப்பறேன், தோத்தா நீ வந்துடு என்று சொன்னவள் நீதான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். அவள் உன்னைத்தான் அம்மா என்கிறாள், என்னைப் போன் அம்மா என்கிறாள். இங்கே இன்னொரு அறை சும்மாதான் கிடக்கிறது. மாமாவும் ஓய்வு பெற்றாயிற்று. அவளை மட்டும் அனுப்பிவிடாதே அக்கா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் வா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை