வாசல் வெளிச்சத்தில் பார்க்காத முகம்

என் முகத்துக்கு முதன்முதலில் பவுடர் பூசிவிட்ட சரசக்காவுக்கு,

உன் வசந்தி எழுதுகிறேன். போன வாரம் எனக்கு நாற்பத்தொன்பது முடிந்தது. உன்னைவிடப் பத்து வயது சின்னவள் என்று சொல்லிச் சொல்லியே உன்னிடம் காரியம் சாதித்தவள் நான். உன் மகள் கவிதாவின் கல்யாணத்தன்று உனக்கு என்ன வயதோ, அதை இன்னும் இரண்டு வருஷத்தில் நானும் எட்டிவிடுவேன். ஐம்பதை நெருங்குகிற முகம் என்ன பாடு படுத்தும் என்று இப்போதுதான் தெரிகிறது, அக்கா. தெரிந்து என்ன பிரயோசனம்?

காலையில் வழக்கம்போல் பூசிக்கொண்டு கம்பெனிக்குப் போனால், பதினொரு மணிக்கெல்லாம் கண்ணுக்குக் கீழே பவுடர் கோடு கோடாக உட்கார்ந்துவிடுகிறது. சிரித்தால் வாயோரம் வெடிக்கிறது. பூசினது போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் அப்பினேன். அது இன்னும் மோசமாகிப் போனது. கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி, "மேடம், முகத்துல திட்டுத் திட்டாத் தெரியுதுங்க" என்றாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் சொன்னதற்காக இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினேன். முகம் கழுவி ஈரம் காய்வதற்குள் க்ரீம் தடவிவிட்டு, அடுப்பில் பால் காயும்வரை வேறு எதையும் தொடுவதில்லை. ஃபவுண்டேஷன் முகம் முழுக்கக் கிடையாது. மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்தில் மங்கு விழுந்த இடத்திலும் மட்டும், நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றுகிறேன். கண்ணுக்குக் கீழே பவுடரை நிறுத்தியாயிற்று. அங்கே மை எழுதினாலும் மத்தியானத்துக்குள் சுருக்கத்தில் இறங்கிவிடுகிறது. அதனால் மேல் இமையில் மெல்லிசாக ஒரு கோடு, அவ்வளவுதான். எனக்கு உயிரான அந்த மெரூன் லிப்ஸ்டிக்கை எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அது உதட்டோடு நிற்காமல் சுற்றியிருக்கும் கோடுகளிலெல்லாம் கசிகிறது.

எல்லாம் முடிந்ததும் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் முகத்தைப் பார்க்கிறேன். வேலம்பாளையத்தில் எங்கள் சந்து முனைக்கு அந்த நேரத்தில்தான் கம்பெனி வேன் வரும். ஏறுகிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வாசற்படியில் நிற்கும்போதெல்லாம் நீ கேட்டது காதில் விழுகிறது.

"ஒருக்கா வாசல்ல போயிப் பாத்துட்டு வந்தர்றனே கண்ணு?"

நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "நேரமில்லக்கா. எல்லாம் நல்லாத்தான் இருக்குது. கெளம்பு."

உனக்கு அலங்காரம் என்றால் எவ்வளவு ஆசை! பனியன் கம்பெனியில் தைத்த துணியின் நூல் பிசிறு வெட்டப் போகிறவள், ஸ்னோவும் பவுடரும் போடாமல் ஒருநாள் படி இறங்கியதில்லை. பஞ்சுத் தூசிக்குள் போய் உட்காருவதற்கு இத்தனை சிங்காரமா என்று ஊரே கிண்டல் செய்தது. "துணி மட்டுந்தான் பளிச்சுன்னு வெளிநாடு போகோணுமா? நாம உள்ளூருக்காச்சும் பளிச்சுன்னு இருந்துட்டுப் போறோம்" என்பாய். நீ பிசிறு வெட்டித்தான் நான் காலேஜுக்குப் போனேன். அதை நீ ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. நானாவது எப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கவிதா கல்யாணத்தன்று ஒன்பதரைக்கு முகூர்த்தம். மண்டபத்தில் பெண்ணின் அறையில் ஆளுக்கு ஆள் சேலை மாற்றிக்கொண்டிருந்ததால் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ஒற்றை ட்யூப்லைட்டைப் போட்டிருந்தோம். கவிதாவுக்குப் பார்லர் பெண் வந்திருந்தாள். உனக்கு நான்தான் போட்டுவிடுவதாகப் பேச்சு. ஆறு மாசமாக நீ கேட்டுக்கொண்டே இருந்தது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை செல்வம் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கவிதா வேலை பார்த்த கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருவரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டு வந்து நின்றபோது, நீ ஒரு மாசம் வாயே திறக்கவில்லை. பிறகு "சரி, ஆகட்டும்" என்று மட்டும் சொன்னாய். உன் மனசில் இருந்தது என்ன என்பதை என் கை உன் முகத்தில் இருந்தபோதுதான் சொன்னாய்.

"தங்கமான பையன் கண்ணு. மொத நாளு பாத்தப்பவே எனக்குப் புடிச்சுப் போச்சு. உங்க மாமாவச் சரிக்கட்டத்தான் ஒரு மாசமாச்சு. இன்னிக்கி அவுங்க ஊருச் சனமெல்லாம் வருது. எம் மாப்பிள்ள பக்கத்துல நின்னா நானும் கொஞ்சம் பாக்கற மாதிரி இருக்கோணுமல்லோ?"

நான் "உம்" கொட்டினேன். என் கவனமெல்லாம் என் சேலை மடிப்பில் இருந்தது. என் முகத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டவள், உன் முகத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்தேன். உன் நிறத்துக்கென்று ஒன்று வாங்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் பாட்டிலையே எடுத்து அப்பினேன். நான் உன்னைவிட இரண்டு படி வெளுப்பு, என் தோலில் அப்போது எண்ணெய்ப் பசையும் இருந்தது. உன் தோல் காய்ந்து, மெலிந்து, கன்னமெல்லாம் கோடு விழுந்திருந்தது. அதன்மேல் பவுடரை வேறு கொட்டினேன்.

அக்கா, துணியின் நிறம் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சாயப்பட்டறையிலிருந்து சின்னத் துண்டு வந்தாலும் லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு பல்பு என்று மூன்றிலும் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். ட்யூப்லைட்டில் ஒத்துப்போகிற நிறம் வெயிலில் வேறாகத் தெரியும் என்பது எனக்கா தெரியாது? முன்பின் பார்த்திராத வெள்ளைக்காரன் போடப்போகும் பனியனுக்குக் காட்டிய அக்கறையை உன் முகத்துக்குக் காட்டவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கதவைத் திறந்தாயே, அந்த வெளிச்சம் உன் கன்னத்தில் பட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சாம்பல் பூத்த வெள்ளை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். கூப்பிட்டுத் துடைத்துவிட்டிருக்கலாம். ஷிப்மென்ட் நாள் வந்துவிட்டால் சுமாரான லாட்டையும் போகட்டும் என்று விடுவோமே, அப்படி உன்னை விட்டுவிட்டேன்.

மண்டப வாசலில் நல்ல வெயில். நீ ஆரத்தித் தட்டோடு மாப்பிள்ளைக்கு எதிரே நின்றாய். செல்வத்தின் பெரியம்மா நல்ல மனுஷிதான், விளையாட்டாகப் பேசுகிறவர். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மைனி, மாவு சலிச்ச கையோட நேரா வந்துட்டீயளா? மூஞ்சியக் கழுவ நேரமில்லையா?" என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் சிரிப்பை நிறுத்துவதற்குள் பார்த்துவிட்டாய்.

அப்புறம் நீ உள்ளே போய்க் குழாய்த் தண்ணீரில் கழுவினாய். அது போகாமல் திட்டாக நின்றது. முந்தானையால் தேய்த்து முகமெல்லாம் சிவந்துபோயிற்று, மை வேறு கரைந்திருந்தது. போட்டோக்காரர் "பொண்ணோட அம்மா வாங்க, அம்மா எங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "பந்தியப் பாக்கோணும்" என்று சாப்பாட்டுக் கூடத்துக்குள் நீ போய்விட்டாய். தாரை வார்க்கும்போது மட்டும் வந்து நின்றாய். அந்தப் படத்தில் உன் வகிடும் மல்லிகைப்பூவும்தான் தெரிகின்றன.

வீடியோவை எடிட் செய்யும்போது என்னைத்தான் கூப்பிட்டார்கள், படித்த சித்தியாயிற்றே. முதல் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆரத்தி எடுக்கிற இடம் முழுவதையும் வெட்டச் சொன்னேன். அக்கா மனசு கஷ்டப்படும் என்று வீடியோக்காரரிடம் காரணம் சொன்னேன். உன் மனசுக்காகத்தான் வெட்டினேனா? அந்த இடத்தில் என் சிரிப்புச் சத்தம் தெளிவாகக் கேட்டது. வெட்டினது உங்கள் வீட்டுக்குப் போனது. வெட்டாதது என் பீரோவில், சேலைக்கு அடியில் கிடந்தது.

அதற்குப் பிறகு நீ பவுடர் டப்பாவைத் தொடவே இல்லை. நான் கேட்டதும் இல்லை, நீ சொன்னதும் இல்லை. மூன்று வருஷத்தில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். மாலை போட ஒரு நல்ல படம் கிடைக்காமல், உன் கம்பெனி ஐ.டி. கார்டில் இருந்ததைப் பெரிசாக்கி மாட்டினோம்.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். மாமா நன்றாக இருக்கிறார், சர்க்கரைதான் கொஞ்சம் கூடுதல். டாலர் மதிப்பு இறங்கியதில் கம்பெனியில் ஆர்டர் குறைந்துபோயிற்று. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கவிதாவின் இரண்டாவது பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை நம் முருகன் கோயிலில் காதுகுத்து. சிரிக்கும்போது உன்னை மாதிரியே மூக்கைச் சுருக்குகிறாள்.

பத்திரிகை வைக்க வந்த கவிதா கையில் கல்யாண ஆல்பம் இருந்தது. விசேஷத்தில் வைக்க உன் படம் ஒன்று தேடியிருக்கிறாள். "ஒண்ணுலகூட அம்மா நிமுந்து பாக்கல சித்தி" என்றாள். ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு அவரப் புடிக்கவே இல்லீங்களா? எனக்காகத்தான் சரின்னாங்களா? அப்புறமும் நாங்க எப்ப வந்தாலும் மொகத்துல களையே இருக்காதுங்களே. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க சித்தி" என்று கேட்டாள்.

எட்டு வருஷமாக இதை மனசில் வைத்திருக்கிறாள். செல்வமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறானாம். நம் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரில் நின்று பேசமாட்டாள், அது மரியாதை. அவர்கள் ஊரில் அப்படி இல்லை போலிருக்கிறது. "அத்தைக்கு என்னையப் பிடிக்காது, அதனால என்ன, நமக்கு அவுகளப் பிடிக்கும்லா" என்று சொல்வானாம். உனக்குக் கொள்ளி வைக்கும்போது மாமாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவன் அழுத அழுகை எனக்கு இப்போது வேறு மாதிரி கேட்கிறது.

நான் கவிதாவுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, காப்பி குடிக்கிறயா?" என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். நாற்பத்தொன்பது வயதிலும் நான் அதே வசந்திதான்.

அவள் போனபிறகு பீரோவைத் திறந்தேன். கேசட் போட்டுப் பார்க்க இப்போது யார் வீட்டிலும் டெக் இல்லை. டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து சி.டி.யாக மாற்றி, நேற்றுச் சாயங்காலம் போட்டுப் பார்த்தேன். உன் முகம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இரண்டு நொடிக்கு அந்த வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் நீ ஆரத்தித் தட்டைச் சுற்றிக்கொண்டே செல்வத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாய். வாயெல்லாம் பல்லாக, மூக்கைச் சுருக்கிக்கொண்டு. அதைப் பார்த்த எவளாவது, உனக்கு அவனைப் பிடிக்கவில்லை என்று சொல்வாளா? இதையா அக்கா நான் வெட்டினேன்?

நாளைக் காலையில் கவிதா வீட்டுக்குப் போகிறேன். வீட்டிலேயே முகத்துக்குக் கொஞ்சமாகப் பூசிக்கொண்டு, வாசலில் ஒருமுறை பார்த்துக்கொண்டு கிளம்புவேன். கரண்ட் இருக்கும்போதே செல்வத்தையும் கூட உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவேன். முதலில் உன் சிரிப்பு வரும். பிறகு அந்தப் பெரியம்மாவின் பேச்சு. அதற்குப் பின்னால் என் சிரிப்பு. யார் சிரிப்பது என்று கவிதா கேட்காவிட்டாலும் நானே சொல்வேன். மாப்பிள்ளைக்காகத்தான் நீ முகத்தை என்னிடம் கொடுத்தாய், அதைக் கெடுத்தது நான் என்பதையும் சொல்வேன். அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். உன்னைப் பற்றி அவள் தப்பாக நினைப்பது நாளையோடு போகும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சி.டி. போட்டுக் கொடுத்தவர் கேட்டார், "எங்கயாச்சும் கட் பண்ணோணுங்களா?" என்று.

"வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அன்று உன் பக்கத்தில் வந்து நிற்காமல், சிரித்தவர்களோடு நின்ற
உன் தங்கச்சி,
வசந்தி