சட்டித் தயிரின் ஏடு

மார்கழி, திங்கள். காலையில் தூறல், பிறகு வெயில்.

வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை ஒரே மாரியில் இரண்டு தரம் வெட்டின வருடம். சூறாவளிக்குள் பிறந்த என் மகன் பேரன் கண்ட வருடம். ஆண்டின் இலக்கம் மருமகளுக்குத் தெரியும். எனக்கு இது போதும். நான் சொல்ல அவள் எழுதுகிறாள். கிளினிக் மிஸ் தின்பதை மட்டும்தான் எழுதச் சொன்னார். கொப்பியின் முன்பக்கம் அவருக்கு. பின்பக்கம் எனக்கு.

சீனி வருத்தம் போன மாதத்தைவிடக் கூட. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டு ஒரு வருடம்! கோபம் வந்தது.

"சீனியை மட்டும் விட்டாக் காணாது ஐயா. கொழுப்புக் கூடினா உடம்பு இன்சுலின்ட சொல்லுக் கேளாது. சீனி ரத்தத்திலயே நிக்கும்" என்றார் மிஸ்.

வாய்க்கால் நிறையத் தண்ணீர், துருசுக் கதவு இறுகினால் வயலுக்கு இறங்காது. விளங்கிற்று.

தையிலும் இறங்காவிட்டால் ஊசி. ஊசி என்றால் வட்டைக்கு, வயல் காவலுக்கு, மகன் விடமாட்டான். கதிர் வரும் நேரம், யானை வரும் நேரம், நான் வீட்டிலா?

மார்கழி, சனி. நல்ல வெயில்.

ஐந்து நாள் பொரியல் இல்லை. வடை இல்லை. எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. பெருமைதான்.

இன்று: இடியப்பம், சொதி. மறுபடி சொதி. பகல் சோறு, இறால் பால்கறி, தயிர், மேலே படிந்த ஏட்டோடு. பின்னேரம் பால் கொழுக்கட்டை, சீனி போடாதது.

எழுதிக்கொண்டு வந்த மருமகள் பேனையை வைத்தாள்.

"மாமா, எண்ணெயை விட்டீங்க. தேங்காய் ஒரு நாளைக்கு மூண்டு முடியுது."

"அது பால் புள்ள. எண்ணெயா?"

"உங்கட அம்மா தேங்காய்ப்பாலைக் காய்ச்சித்தானே தலைக்கு எண்ணெய் எடுத்தவ? நீங்கதானே சொன்னீங்க."

மெய்தான். அடுப்படியில் குந்தியிருந்து, பால் வற்றி எண்ணெய் மிதப்பதை எத்தனை தரம் பார்த்தவன்! அடியில் பொரிந்த கசடை வழித்து நக்கினவன்! சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்கும்.

மார்கழி, வியாழன். மேகம்.

இனிச் சொதிக்கு இரண்டாம் பால், அதுவும் கொஞ்சம். மீன் சுட்டது. முருங்கை இலைச் சுண்டல். சோறு பாதி. நடை, பாலம் வரைக்கும்.

தயிர் ஏடு வீட்டில் மூத்த ஆம்பிளைக்கு. எப்போதும் எனக்கு. இன்று வழித்து அவள் பக்கம் தள்ளினேன்.

"எனக்கா?"

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஏடு தின்றதில்லை. வேணுமா என்று ஒருவரும் கேட்டதுமில்லை. கதவுப் பக்கம் திரும்பி நின்று தின்றாள். "உப்புப் போட்டா இன்னும் நல்லாயிருக்கும் மாமா." இதை எழுத வேண்டாம் என்றாள். எழுது என்றேன்.

தை, செவ்வாய். பனி.

இறங்கிற்று! ஊசி இல்லை. விழுங்கும் குளிசை மட்டும், பழையபடி.

"என்ன ஐயா செய்தீங்க?"

"மருமகள்ட்டக் கேளுங்க மிஸ்."

நாளைக்கு வட்டைக்கு. பாய், டோச், யானைவெடி. மகன் முறைத்தான். பிறகு டோச்சுக்குப் பற்றரி வாங்கி வந்தான்.

தை, புதன். காற்று.

புறப்படக் கால் வைத்தேன், வாசல் படலையில் கூட்டாளி. ஓட்டமாவடியிலிருந்து பஸ்ஸில், மடியில் தயிர்ச்சட்டி. வருடம் தவறாதவன்.

"ஏடு ஆருக்குடா?" என்றான்.

"உனக்குத்தான். எனக்கு கிளினிக்ல விடல்ல."

"எனக்கும் விடல்லடா மச்சான்! உனக்கெண்டுதானே சுமந்து வந்தன்."

சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல். மருமகள் கையில் உப்போடு வந்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சின்ன வயதில் ஆறு பேர் ஒரே பட்டியில் எருமை மேய்த்தோம். ஏட்டுக்காக மண்டை உடைந்திருக்கிறது. கண்ணமுத்து போனான். நல்லதம்பி போனான். பொன்னையாவும் காசிநாதனும் போனார்கள். நான் இருக்கிறேன். படலையில் என் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "எழுதினது காணும், வாடா, யானை பாத்துக்கொண்டு நிக்கும்" என்று கத்துகிறான் மற்றவன், உதுமாலெவ்வை.